மாடிச் சமையலறைக்குப் பதினெட்டு சதவீதம்

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ராஜகுமாரி முப்பத்தொரு வருடமாகத் தரப் பரிசோதகர். ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று விதி இருந்தால் அத்தனை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். இந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்களிடம் முதலில் எழுத்துப் பிழையைச் சொல்லிவிட்டுத்தான் "ரொம்ப சந்தோஷம்" என்பாள். கணவர் எத்திராஜ் அதே தொழிற்சாலையின் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து "நீ சொன்னா சரி" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தி வந்தார்.

ராஜகுமாரிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதன் பிறகு தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பதாகையில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவது என்று முடிவானது. கீழே இவர்கள் இருவரும், மாடியில் மகன் விக்ரமும் மருமகள் தீபிகாவும். விக்ரமுக்கு அம்பத்தூரில் ஐடி வேலை. தீபிகா ஈரோட்டுப் பெண். அவளுக்கும் அதே கம்பெனி.

மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டராக உயர்ந்த ஏகாம்பரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரே ஒரு தாள். மேலே பெரிய எழுத்தில் அவன் பெயர், பக்கத்தில் பிள்ளையார் படம், அதன் கீழே ஒரு நீளமான ஜிஎஸ்டி எண். ஆறே வரியில் மொத்த வீடும் முடிந்திருந்தது. ஐந்தாவது வரி, "அனைத்தும் நல்ல முறையில் செய்து தரப்படும்." ஆறாவது வரி, "ஜிஎஸ்டி தனி."

ராஜகுமாரி கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"நல்ல முறைன்னா என்னங்க?"

"நல்ல முறைன்னா நல்ல முறைதாம்மா. ஏகாம்பரம் கட்ன ஊடு எதுனா இட்ஞ்சி வுய்ந்துகீதா? திருமுல்லைவாயில்ல போய்க் கேட்டுப் பாருமா."

"சிமென்ட் என்ன கம்பெனி? கம்பி எத்தனை மில்லி? பாத்ரூம் சுவத்துல டைல்ஸ் எவ்ளோ உயரம்?"

"ஆள் உயரத்துக்கு ஒட்டிடலாம்."

"எந்த ஆள்?"

ஏகாம்பரம் உதவி கேட்பதுபோல் எத்திராஜைப் பார்த்தான். எத்திராஜின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ராஜகுமாரியும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏழடி" என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு தாள் பதினோரு பக்கமாக வளர்ந்தது. மழையால் வேலை நின்றால் எத்தனை நாள் சலுகை, சுவரில் விரிசல் விட்டால் எத்தனை மாதம்வரை ஏகாம்பரத்தின் பொறுப்பு, பிளான் அப்ரூவலோடு கட்ட வேண்டிய கட்டடத் தொழிலாளர் நல நிதி யார் தலையில் என்று எல்லாம் ஏறின.

"இத்த படிச்சி முடிக்கறதுக்குள்ள ஊடே கட்டி முடிச்சிடலாமேம்மா" என்றான் ஏகாம்பரம்.

"படிச்சாச்சுன்னா அடுத்தது. ஜிஎஸ்டி தனின்னு போட்டிருக்கீங்களே, அது எவ்ளோ?"

"பதினெட்டு. ஆனா பில்லு வாணாம்னா அதுவும் வாணாம்."

"பில் வேணும்."

"வேணுமா?" ஏகாம்பரத்தின் குரல் இறங்கிவிட்டது. கான்ட்ராக்டரான ஆறு வருடத்தில் இந்தப் பதிலை அவன் கேட்டதே இல்லை.

விக்ரம் அந்த முதல் தாளில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை செல்போனில் தட்டிப் பார்த்தான். பார்த்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் போனை அம்மாவிடம் நீட்டினான். அந்த எண் நசரத்பேட்டையில் உள்ள ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குச் சொந்தமானது.

"அங்கதாம்மா லெட்டர்பேடு அட்ச்சேன்" என்றான் ஏகாம்பரம். "அந்த எட்த்துல நம்பர் ஒண்ணு இருந்தா கெத்தா இருக்கும்னு பிரஸ்காரன் சொன்னான். நான் அத்த டிசைனுன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்போ ஆறு வருசமா இன்னொருத்தன் நம்பர வச்சிகினு சுத்திகினு கீறேனா?"

அவனைத் திட்ட ராஜகுமாரிக்கு வாய் வரவில்லை. மறுநாள் மாலை, அவனையும் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் இருந்த ஆடிட்டர் ராகவனிடம் போனாள்.

ராகவன் பொறுமையாகச் சொன்னார். சாமானும் கூலியும் சேர்த்து, பதிவு செய்த கான்ட்ராக்டரிடம் விட்டால் மொத்தத்துக்கும் பதினெட்டு சதவீதம். அப்படி இல்லாமல் சாமானை நீங்களே பில்லோடு வாங்கி, கூலி வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டால், ஒரு குடும்பம் குடியிருக்கும் தனி வீட்டுக்கு அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

ராஜகுமாரிக்கு உள்ளம் குளிர்ந்தது. வரி மிச்சம் என்பதைவிட, செங்கல், மணல், கம்பி எல்லாவற்றையும் தானே சோதித்து வாங்கலாம் என்பது பெரிய சந்தோஷம். அந்த நேரம் பார்த்து ராகவன் வீட்டு வரைபடத்தைப் பிரித்தார்.

"மாடியில இன்னொரு சமையலறை இருக்கே. இதைத் தனித்தனி ரெண்டு வீடுன்னு எடுத்துக்கிட்டா விலக்கு கிடைக்குமான்னு கேள்வி வரும். யோசிச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் ராஜகுமாரி அறிவித்தாள்: "மாடியில கிச்சன் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு."

தீபிகா விக்ரமைப் பார்த்தாள். விக்ரம் மின்விசிறியைப் பார்த்தான்.

"இதைச் சட்டம் சொல்லுதுங்களா, நீங்க சொல்றீங்களா அத்தை?"

ராஜகுமாரிக்குச் சுருக்கென்றது. ராணுவமே அவள் முத்திரையை நம்பித்தான் சட்டை போடுகிறது. நேற்று வந்த பெண், சந்தேகப்படுகிறாளே!

தீபிகா மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே ராகவனிடமே போய்விட்டாள். திரும்பி வந்து மாமியார் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது கிச்சனால வரிச் சிக்கல் வரலாம்னு அவர் சொன்னது நிஜந்தானுங்கத்தை. நான் சந்தேகப்பட்டது தப்பு. ஆனா கூடாதுன்னு அவர் சொல்லலீங்க. ஏகாம்பரம் அண்ணன் முறையாப் பதிவு பண்ணிட்டு, கூலிக்கு வரி போட்டு பில் தந்தா, எத்தனை கிச்சன் வேணும்னாலும் கட்டிக்கலாமாமுங்க. அந்த வரியை நாங்க கட்டிக்கறோம்."

"ஒரு அடுப்புக்காகவா அவ்ளோ வரி?"

"நான் உப்புமா கிண்டினா, அதுல எத்தனை கட்டி இருக்குன்னு எண்ணிச் சொல்றீங்கத்தை. போன வாரம் பதினாலு."

எத்திராஜ் குடித்துக்கொண்டிருந்த மோர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல்முறையாக வாக்கியத்தை மாற்றினார்: "அவ சொன்னா சரி."

ராஜகுமாரி எழுந்து பால்கனிக்குப் போனாள். காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடிப்பு நேராக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தாள். மாடியில் சமையலறை வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மைதான். பிள்ளைகள் கையை விட்டுப் போகமாட்டார்கள் என்ற சந்தோஷம். அதைச் சட்டத்தின் தலையில் ஏற்றிச் சொன்னதும் உண்மைதான். 'யோசிச்சுக்குங்க' என்று ராகவன் சொன்னதை 'கூடாது' என்று மாற்றியது அவள் வாய்தான்.

உள்ளே வந்தவள் ஒப்பந்தத்தை எடுத்து, பன்னிரண்டாவது பக்கத்தைத் தொடங்கினாள். மாடிச் சமையலறை, கிரானைட் மேடை, இரண்டு தொட்டி, ஜன்னல் கிழக்குப் பார்த்து. கூலிக்கான வரி தனி, பில் கட்டாயம். "மேடை எவ்ளோ உயரம் வேணும்?" என்று தீபிகாவைக் கேட்டாள். "உன் உயரத்துக்குச் சொல்லு. ஆள் உயரம்னு எழுதினா அவன் உங்க மாமாவை வச்சு அளந்துடுவான்."

ஏகாம்பரம் ராகவன் மூலமாகவே பதிவு செய்தான். எண் வந்த அன்று குவார்ட்டர்ஸுக்கு லட்டு டப்பாவோடு வந்தான். "இது என் நம்பர்மா. என் பேர்லயே கீது, வோணும்னா தட்டிப் பாரு" என்றான். விக்ரம் தட்டிப் பார்த்தான். ஏகாம்பரத்தின் பெயரே வந்தது. புது லெட்டர்பேடு அடிப்பதற்கு முன் மாதிரித் தாளை ராஜகுமாரியிடம் காட்டினான். அவள் இரண்டு எழுத்துப் பிழைகளை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எட்டு மாதத்தில் வீடு எழுந்தது. இரண்டு லோடு செங்கல் திரும்பிப் போனது. ஒரு லாரிக்காரர், "கோவில்பதாகை அம்மா ஊட்டுக்குன்னா நான் வர்ல" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. கிரகப்பிரவேசத்தன்று கீழே பால் பொங்கியது. மாடியிலும் தனியாகப் பொங்கியது. ராஜகுமாரி இரண்டு இடத்திலும் நின்றாள். மாடியில் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

விருந்துக்கு வந்த தொழிற்சாலைத் தோழி பார்வதம், பந்தியில் உட்காரும் முன் கைப்பையிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் கொடுத்த மடித்த தாளை எடுத்து நீட்டினாள். அவளும் வீடு கட்டப் போகிறாளாம். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் மறுநாளே வந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பாவது கிடக்கும். எல்லோர் கையிலும் ஆறு வரி மதிப்பீடு.

அந்தக் கூட்டத்தில் ஏகாம்பரமும் அடிக்கடி உட்கார்ந்திருப்பான். குத்தம்பாக்கத்தில் அவனுக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் போனில் பில் இல்லாமல் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அவன் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னான்:

"அதெல்லாம் நம்மகிட்ட ஆவாது சார். மொதல்ல பன்னெண்டு பக்கம் அனுப்பறேன், படிச்சிட்டு வாங்க."