பிசகாமல் மொழிபெயர்த்த ஒரே வாக்கியம்

மாத்தளை டவுனில் காசிம் நானாவின் சாப்பாட்டுக் கடை மூடப்பட்டதற்கு நான்தான் காரணம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு மேற்கு நாட்டுத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இலங்கை கம்யூனிஸ்ட் நாடாகிவிட்டதா என்ற கவலை அவர்களுக்கு. அதை நேரில் பார்த்து எழுதத் தூதரகச் செயலாளரான வெள்ளைக்காரத் துரை ஒருவர் என் ஊரான மாத்தளைக்குப் புறப்பட்டார். துணைக்கு நான்.

கூட்டுறவுக் கடை கியூவில் ஒரு பெண், "சீனி வரலேன்னா போர்ட்ல எழுதிப் போடுறதுதானே? எங்க காலு என்ன கல்லா?" என்று மனேஜரிடம் கத்தினாள். "விநியோகம் இன்னும் மேம்படலாம் என்கிறார்" என்றேன் துரையிடம். ஒரு பெரியவர் துரையைக் காட்டி, "இவருக்கும் ரேஷன் கூப்பன் கெடைக்கலியா?" என்றார். "உங்களை வரவேற்கிறார்" என்றேன். காலை முழுவதும் இதே வேலை.

அரிசித் தட்டுப்பாட்டால் வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு விற்கக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. அன்று அப்படியொரு நாள். மதியம் காசிம் நானா தம் கடையில் துரைக்கு ரொட்டித் தட்டை வைத்தார். ரொட்டியைத் தூக்கினால் கீழே சுடச்சுடச் சோறு, மீன் குழம்பு.

"நானா, இன்னைக்குச் சோறு கூடாதே?"

"ஊரு பாக்க வந்த மனுசன வெறும் ரொட்டியோட அனுப்பவா? பேசாம சாப்பிடச் சொல்லுங்க தம்பி."

காசும் வாங்கவில்லை. பக்கத்து மேசையில் போலீஸ் இன்ஸ்பெக்டரும் தம் ரொட்டிக்குக் கீழே தோண்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் துரைக்கு வரவேற்புக் கூட்டம். காசிம் கடையில் இன்று உண்டதைப் போன்ற சோற்றை எங்கும் உண்டதில்லை என்று துரை ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். முன்வரிசை அதிகாரிகள் அனைவருக்கும் ஆங்கிலம் தெரியும். அனைவரும் கூரையைப் பார்த்தார்கள். நான் அதை விழுங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊர்க்காரர் முன்னால் திறமை காட்டும் ஆசை. சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். சபை சிரித்தது. அதன் பிறகு அதிகாரிகளால் காது கேட்காதவர்களாக இருக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் போய்ச் சோதித்தார். பானை காலி. அதில் ஒரு பங்கு அவர் வயிற்றிலேயே இருந்தது. என் மொழிபெயர்ப்பையே சாட்சியாக வைத்து லைசென்ஸை நிறுத்தினார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்காகக் கடையை மூடும் நாடு கம்யூனிஸ்ட் நாடுதான் என்று துரை அறிக்கை எழுதினார். சோற்றை உண்டது யார் என்று எழுதவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நடந்த லைசென்ஸ் விசாரணைக்குப் போனேன். "துரை சொன்னது ரொட்டி. நான்தான் பிழையாகச் சோறு என்றேன்" என்று வாக்குமூலம் கொடுத்தேன். விசாரித்தவர் அன்று முன்வரிசையில் இருந்தவர். மறுகேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. மொழிபெயர்க்கத் தெரியாதவன் என்று தூதரகம் என்னை வேலையிலிருந்து நீக்கியது.

காசிம் நானாவிடம் போய், கியூவில் மாற்றி மொழிபெயர்த்ததையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுப்பை மூட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில இருந்து அந்தத் தொரைக்கு அத்தன பொய் சொல்லியிருக்கீங்க தம்பி," என்றார். "எனக்காக ஒண்ணு சொல்ல அன்னைக்கே வாய் வரலியா?"