வில்லன் பாட்டும் என் கையும்

மதியம் தி.நகரில் என் புடவைக் கடையில் கூட்டம் இல்லை. என் மகள் வந்து, போனைக் கையில் கொடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டாள்.

அவளே எழுதிப் பாடிய ஆல்பம். பழைய கோடம்பாக்கம் இயக்குநர் ஒருவரின் படங்களை நினைத்துச் செய்தது. நாயகி அழுகிறாள், வில்லன் சிரிக்கிறான், நடுவில் இடைவேளை மணிகூட அடிக்கிறது.

"உண்மையைச் சொல்லுங்கப்பா. உங்களுக்குப் பிடிக்கலேன்னா வெளியிட மாட்டேன்."

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. "ஒரே டிராமாவா இருக்கும்மா. யாரு கேப்பா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்முன் அந்த வில்லன் பாட்டை மறுபடி வைத்தேன். முடிந்ததும் இன்னொரு தடவை.

அவள் சிரித்துவிட்டாள். "நம்ம கடை சேல்ஸ்மேன்கிட்ட என்னப்பா சொல்லுவீங்க? கஸ்டமர் வாய் சொல்றதைக் கேக்காதே, கை எந்தப் புடவைக்குத் திரும்பப் போகுதுன்னு பாரு, அதான் பில்லுக்கு வரும்னுதானே?"

என் வித்தையிலேயே மாட்டிக்கொண்டேன். மாலையே வெளியிட்டுவிட்டாள்.

லிங்க் கீழே இருக்கிறது. கேட்டுவிட்டு "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று நழுவாமல், உங்கள் கை எந்தப் பாட்டுக்குத் திரும்பியது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.