பவுடர் பூசிய சாம்பிள்

ஏலக்காய் வியாபாரியின் கை சும்மா இருக்காது. தட்டில் சாம்பிளைக் கொட்டியதும் பருத்த பச்சைக் காய்களை மேலே தள்ளிவிடும். வெடித்ததும் வெளுத்ததும் அடியில் கிடக்கும். எண்பதுகளின் பிற்பாதியில் போடியில் கடை வைத்திருந்த எனக்கு அந்தக் கை நன்றாகவே பழகியிருந்தது. என் எட்டு மாத மகளையும் அதே கையால்தான் டாக்டரிடம் காட்டினேன்.

அழுதால் அவள் உதடு நீலம் பாரித்துவிடும். பால் குடிக்கும்போது விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் அழவே கூடாது. லேசாகச் சிணுங்கினாலும் போதும், நான் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப்பாகிவிடுவேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் சத்தம் எனக்கு அச்சு அசலாக வரும். அப்பனாக என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதான்.

போடி டாக்டர் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மதுரைக்கு அனுப்பினார். பிள்ளைக்குப் பட்டுச்சட்டை போட்டு, உதட்டோரம் வரை பவுடர் பூசி, அவள் உறங்கும் நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். பவுடர் என் கைவேலை.

"பால் நல்லா குடிக்கிறாளா?" என்று கேட்டார் மதுரை டாக்டரம்மா.

"பிரமாதமா குடிக்கிறா."

"மூச்சு வாங்குதா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா."

அவர் ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்தார். பிள்ளை விழித்து வீறிட்டாள். அடியில் கிடந்த நீலம் மேலே வந்துவிட்டது.

"பிள்ளையை வைத்தியத்துக்குக் கொண்டாந்தீங்களா, விலைக்குக் கொண்டாந்தீங்களா?" என்றார். என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் பவுடர் டப்பாவைப் பைக்குள் தள்ளினேன்.

இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு சுருங்கியிருக்கிறதாம். இப்படியே விட்டால் பிள்ளை தங்குவது கஷ்டமாம். மெட்ராசில் புதிதாக ஒரு சிகிச்சை வந்திருக்கிறது. நெஞ்சைக் கிழிக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனைச் சில நொடிகள் ஊதி வால்வை விரிப்பார்கள் என்றார்.

"வெடிச்சிராதா?" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திருவிழாக் கடை பலூன்தான்.

மெட்ராசில் மூன்று வாரம் காத்திருந்து சிகிச்சைக்கு ஒரு நாள் கிடைத்தது. அன்று காலை பிள்ளை இரண்டு முறை இருமினாள். நெற்றி கதகதவென்றிருந்தது. "பிள்ளை எப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் என் வாய் தானாக "நல்லா" என்று ஆரம்பித்தது. இந்த நாளை விட்டால் அடுத்து எப்போதோ. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல சார். இருமுறா. உடம்பு சுடுது. நேத்து பாலும் பாதிதான் குடிச்சா" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் மறைத்த குறை ஒவ்வொன்றையும் கொட்டினேன். மதுரையில் பவுடர் பூசியதைக்கூடச் சொன்னேன். "பவுடர் கதையெல்லாம் வேண்டாம், போதும்" என்றார் டாக்டர்.

சிகிச்சையைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். நெஞ்சில் சளியோடு மயக்க மருந்து கொடுத்திருந்தால் பிள்ளை மீண்டிருக்க மாட்டாள் என்று நர்சு சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பலூன் ஊதினார்கள். வெடிக்கவில்லை. தொடையில், ஏலக்காய்க்குள் இருக்கும் ஏலரிசி அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

திரும்பும்போது மதுரையில் போடி பஸ்சு ஏறினோம். ஆண்டிபட்டி தாண்டியதும் பிள்ளை பசியில் அலற ஆரம்பித்தாள். மனைவி பால் கொடுக்கப் போனாள். "ஒரு நிமிசம் இரு" என்று தடுத்தேன்.

"ஏப்பா, பச்சப்பிள்ளை கத்துது, வெரசா அமத்துப்பா" என்றார் முன்சீட்டுப் பெரியவர்.

"கத்தட்டும்ணே" என்றேன்.

பஸ்சே என்னைத் திட்டியது. நான் குனிந்து மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழ அழ அது சிவந்துகொண்டே வந்தது.