தாய்மாமன் தலைக்குக் குளிக்கவில்லை

ஒரு செயலி செய்யும் யோசனை, காளவாசலில் பேருந்துக்குக் காத்திருந்தபோது உதித்தது. பக்கத்தில் நின்றவர் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தலை மட்டும் பிசுபிசுவென்று கிடந்தது. அதை ஓயாமல் சொறிந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, தோகாவுல இருந்து சான்பிரான்சிஸ்கோ எம்புட்டு தூரம்?"

போனில் தட்டினேன். "பதிமூவாயிரம் கிலோமீட்டர்ண்ணே. பறக்கவே பதினாறு மணி நேரம் ஆகும்."

"போச்சுடா!"

அவர் மகன் முந்தின நாள் சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பி, இப்போது விமானம் மாற தோகாவில் இறங்கியிருக்கிறான். அவன் போய்ச் சேரும்வரை வீட்டில் யாரும் தலைக்குக் குளிக்கக்கூடாதாம். இவருக்கோ இன்னும் சற்று நேரத்தில் பசுமலையில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. தலைக்குக் குளித்து வந்த தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்பார்கள்.

"அதான் தோகாவுல எறங்கிட்டான்லண்ணே? போய்ச் சேந்த கணக்குத்தானே? வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வாங்க."

"அங்க அவனுக்கு யாரு இருக்கா? சொந்தபந்தம் இல்லாத ஊருல எறங்குனா அது சேந்ததா?"

"அப்ப இப்பிடியேவா போறீங்க?"

"என் தங்கச்சி வாசல்லயே மறிப்பா. மறிக்கட்டும். எம்மவன் நல்லபடியா எறங்கணும்ல?"

பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார். பிள்ளை யார் மடியில் உட்கார்ந்ததோ, தெரியவில்லை.

வெளிநாடு கிளம்பியவரின் வீட்டார் எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்று என் செயலி சொல்லும். இடையில் இறங்கும் ஊரில் சொந்தக்காரர் உண்டா என்பதைத்தான் அது முதலில் கேட்கப்போகிறது.