எழுத்து அட்டையும் என் இடது கண்ணும்

கண் முகாமில் எழுத்து அட்டை பிடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்ப்பார்கள். பத்தொன்பது வருடமாகத் திருச்சி சுற்றுவட்டாரத்தில் எனக்கு அதுதான் வேலை. நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அது போதும். ஆள் இருபது அடி தள்ளி உட்காருவார். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நான் குச்சியால் காட்டுகிற எழுத்தைச் சொல்வார். இப்போது என் இடது கண்ணில் பெரும்பாதி போய்விட்டது. வலது கண்ணும் போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருக்கிறேன். உங்களில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் இந்தப் பயம் புரியும்.

வெள்ளைப் பக்கம்

தொட்டியத்தில் வாழைத்தார் வெட்டுகிறவர்களுக்கு முகாம். வரிசையில் நிற்கிறவர்கள், முன்னால் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எழுத்துகளைப் பாடம் பண்ணிவிடுவார்கள். கண் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்களே என்ற பயம். அன்றைக்குக் காற்றில் அட்டை கீழே விழுந்தது. அவசரமாக எடுத்துத் திருப்பிப் பிடித்துவிட்டேன். எழுத்து என் பக்கம், வெறும் வெள்ளை எதிரே உட்கார்ந்தவர் பக்கம்.

ஐம்பது வயது ஆள் ஒருவர் நான்கு வரியையும் தடங்கலில்லாமல் சொன்னார். பார்வை அளக்கிற பெண் நஸ்ரீன், பாலக்கரைக்காரி, ஓடி வந்து, "அண்ணே, அட்டையில எழுத்தே இல்ல!" என்றாள். அந்த மனிதர் மூடிய கையை எடுக்கவேயில்லை. "எனக்கு நல்லாத் தெரியுதுங்க, கடைசி வரிதான் லேசா மங்குது."

ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஆடி போகட்டும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு ஐயங்கார் மாமா. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டோடு நானே அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். ஆடி போகட்டும் என்றார். ஆடி போனதும் புரட்டாசி போகட்டும் என்றார். பிறகு வைகுண்ட ஏகாதசி. இன்னும் தள்ளிப்போட்டால் உள்ளே நரம்பு கெட்டுவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் எச்சரித்ததை அவரிடம் கத்திச் சொன்னேன்.

"நான் பெருமாளைச் சேவிக்காட்டா என்ன ஓய், அவர் என்னைப் பாத்துண்டுதானே இருக்கார்" என்றார் நிம்மதியாக. சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது: "அவர் உங்களைப் பாக்கட்டும்னா, எதிர்த்தாப்ல வர டவுன் பஸ்ஸை யார் பாக்கறது?"

நோன்புக் கஞ்சி

இரண்டு வருடத்துக்கு முன், கே.கே. நகர் பள்ளிக்கூடத்தில் முகாம். இடைவேளையில் டீயைக் கிளாஸுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். எல்லார் முன்னாலும் நஸ்ரீன் கேட்டாள்: "உங்களுக்கும் சர்க்கரை இருக்குல்லண்ணே? கண்ணுல மருந்து ஊத்தி, விழித்திரையைப் பாத்தீங்களா?" சுருக்கென்று தைத்தது. நேற்று வந்த பெண் எனக்குச் சொல்வதா? ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை மேலிருந்து கீழ்வரை மளமளவென்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வராதவன் பெயரையே இன்னும் மறக்காதவன் நான். ரம்ஜான் மாதத்தில் எனக்கென்று தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க படிக்கலண்ணே, ஒப்பிச்சீங்க."

புது அட்டை

போன மாதம் புது அட்டை வந்தது. பழைய எழுத்துகள் எல்லாருக்கும் பாடமாகிவிட்டதால் மாற்றிவிட்டார்கள். ஆட்கள் வருவதற்கு முன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, விளையாட்டாக உட்கார்ந்து வலது கண்ணை மூடினேன். மேலே ஒரே ஒரு எழுத்து தெரிந்தது. மற்றதெல்லாம் மழைத் தண்ணீரில் மிதக்கிற எறும்புகள். அட்டையில்தான் தூசி என்று நினைத்து, எழுந்து போய்த் துண்டால் துடைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அதே எறும்புகள். திரும்பினால் நஸ்ரீன் நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் முகாம் வேனைக் கூப்பிட்டாள்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. சர்க்கரை விழித்திரையைத் தின்றிருக்கிறது, இடது கண்ணில் போனது திரும்பாது, இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வலதிலும் கசிவு ஆரம்பித்திருக்கிறது. லேசர் போட்டு, சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் அதை நிறுத்தப் பார்க்கலாமாம். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரில் தேதியைப் பார்க்கிறேன். தேதி தெரிந்தால்தான் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நஸ்ரீனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "கோவம் அது பாட்டுக்கு இருக்கட்டும்ண்ணே, அது எங்கயும் போகாது. வெள்ளிக்கிழமை லேசரை மட்டும் விட்டுடாதீங்க."

ஊர் முழுக்கப் பார்வை இருக்கிறதா என்று பார்க்க அட்டை பிடித்தவன், பத்தொன்பது வருடமும் அதன் வெள்ளைப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.