கதவில் இருந்த எண்

என் புகைப்படங்களைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பேன்: கண்ணுக்குத் தெரியாமல் நம்மை ஆட்டிவைப்பதைக் காட்டுவதற்கு. தி. நகர் நெரிசலில் துணிக்கடைப் பொம்மையைக் குடை பிடிக்க வைத்து எடுப்பேன். மயிலாப்பூர்க் குளத்துப் படியில் மெத்தை விரித்து எடுப்பேன். நன்றாகவே எடுப்பேன், இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்காவின் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. அதன் நீலக் கதவு எனக்குப் பிடித்துப்போயிற்று. பழைய பீரோக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய், கதவருகே நின்று முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு தெரிந்தது.

"இன்னா நைனா, மூஞ்சியே தெர்லன்றே, இது இன்னா போட்டோ?"

"அதுதாங்க்கா விஷயமே" என்றேன்.

கதவில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண் இருந்தது. ஆற்றங்கரை வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. படத்தின் கனவுத்தன்மையைக் கெடுக்கிறது என்று அதைக் கம்ப்யூட்டரில் பத்தே நிமிடத்தில் அழித்தேன். கண்காட்சியில் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு அந்த வரிசையையே இடித்தார்கள். கதவும் மண்ணோடு போனது. ஊருக்கு வெளியே மாற்று வீடு பெறுகிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. அந்த எண் போட்ட வீட்டில் அவர்தான் இருந்தார் என்று காட்டினால் சேர்க்கிறோம் என்றார்களாம். மீன் கூடையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

சட்டம் போட்ட படத்தைப் பெருமையாகச் சுவரிலிருந்து இறக்கிக் காட்டினேன்.

"நம்பரு எங்க நைனா?"

தெரியாததைக் காட்டுகிறேன் என்று மார்தட்டியவன், எல்லோருக்கும் தெரியும்படி எழுதியிருந்ததை அழித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திருத்தாத மூலப் படத்தைத் தேடித் திறந்தேன். எண் பளிச்சென்று இருந்தது. ஆனால் முகத்துக்குப் பதில் கண்ணாடியில் ஓடும் ஆறு.

"இத்த எட்த்துக்கினு போனா, ஆத்துக்கா வூடு குடுப்பான்?" என்றார்.

நல்லவேளை, நான் எதையும் தூக்கிப் போடாதவன். அன்று எடுத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். வேண்டாதது என்று ஒதுக்கியவற்றில் ஒன்று கிடைத்தது. கண்ணாடியைக் கையில் கொடுப்பதற்கு முன், வெளிச்சம் பார்க்க எடுத்த படம். சற்றுச் சாய்ந்திருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா சிரிக்கிறார். தோளுக்குப் பின்னால் நீலக் கதவு, சிவப்பு எண்.

அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அதுதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

வீடு கிடைத்ததும் போன் செய்து கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்றாவது மாடி. புதுக் கதவிலும் ஓர் எண். அக்கா அதன் பக்கத்தில் போய் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"எடு நைனா. மூஞ்சியும் நம்பரும் ரெண்டும் தெரியணும்."

"இங்கேதான் வீடு குடுத்துட்டாங்களேக்கா, இனிமே எதுக்கு?"

"நாளிக்கி இத்தயும் இடிச்சா இன்னாத்த காட்றது?"

எடுத்தேன்.