ராமலட்சுமியின் மஞ்சள் முடிச்சுகள்

ஏலப்பாறை ஏலக்காய்க் கிடங்கில் பொட்டலம் கட்டும் ராமலட்சுமிக்கு ஈரம் என்றாலே ஜென்மப் பகை. காய் நமுக்காமலிருக்கப் பெட்டிக்குள் போடும் வெள்ளை மணிகளைக் கிடங்கில் ‘ஜெல்’ என்பார்கள். அதை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து தீப்பெட்டி, ரேஷன் கார்டு, புருஷனின் பீடிக்கட்டு என்று எல்லாவற்றோடும் போட்டு வைப்பாள். அடைமழையிலும் அப்பளம் நொறுங்கும் வீடு அந்த லயத்தின் வரிசை வீடுகளில் அவளுடையது மட்டும்தான். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே!

மகள் ஜீவிதாவைத் தேவிகுளத்தில் கட்டிக்கொடுத்தாள். சீர் முறுக்கு நமுத்துப்போனால் மாப்பிள்ளை வீட்டுச் சனம் பேரன் பிறக்கும்வரை சொல்லிக் காட்டுமே! முறுக்கு டின்களுக்குள்ளும் ஜெல் போட்டாள். ஆனால் காகிதப் பையில் ‘தின்னக் கூடாது’ என்று அச்சடித்திருந்தது. சீரில் அப்படியொரு வாசகம் போகலாமா? மணிகளைக் கொட்டி, கல்யாணத்தில் மிஞ்சிய மஞ்சள் துணியில் அழகாக முடிந்து அனுப்பினாள்.

சீர் முறுக்கைப் பரிமாறும் விருந்துக்கு முதல் நாள் தேவிகுளம் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிச்சுகள் சாமி படத்துக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு வீற்றிருந்தன.

“குலசாமிக்கு முடிஞ்ச காணிக்கைய முறுக்கு டின்னுல மறந்து வச்சிட்டீகளே மதினி! நல்லவேள, நான் பாத்தேன்,” என்றாள் சம்பந்தி சரஸ்வதியம்மாள்.

ராமலட்சுமி ஒரு முறுக்கை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை, வளைந்தது. உண்மையைச் சொன்னால் கூடியிருக்கும் சொந்தபந்தத்துக்கு முன்னால் சம்பந்தி கேலிப்பொருள். சொல்லாவிட்டால் நாளைக்குத் தன் மானம் போகும். பாழாய்ப்போன சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது.

“எங்க சாமிக்குச் சூடு காட்டணும் மதினி,” என்று அடித்துவிட்டாள்.

ஈரம் குடித்த ஜெல்லை வறுத்தால் மறுபடி ஈரம் உறிஞ்சும் என்பது கிடங்குப் பாடம். முடிச்சுகளை அவிழ்த்து மணிகளை இரும்புச் சட்டியில் கொட்டி வறுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி குலவையே இட்டாள். ஆறியதும் மறுபடி முடிந்து டின்களுக்குள் போட்டு இறுக மூடினாள்.

“பந்தி வரைக்கும் மூடியத் தொறக்கப்படாது. சாமி குத்தமாயிரும்!”

மறுநாள் பந்தியில் நறுக் மொறுக்கென்று ஒரே சத்தம். பக்கத்திலிருப்பவர் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. ராமலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சரஸ்வதியம்மாள் அவளை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“வறுக்கையிலதான் அடையாளம் தெரிஞ்சுச்சு மதினி. எம்மவன் வாங்குன செருப்பு டப்பாக்குள்ளயும் ஒங்க சாமிதான் இருந்தாரு. நான் தூக்கிக் குப்பைல போட்டுட்டேன். குத்தம் ஒண்ணும் வராதுல்ல?”

சம்பந்திகள் இருவரும் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விலா நோகச் சிரித்தார்கள்.